எர்லிண்டா போட்ட சைபர்

சான் எலிஸியோவில் மனம் உடைந்தவர்கள் யாரும் கிடையாது. இருட்டு விலகுமுன் எழுந்து லெட்டூஸ் கீரை வயலில் முதுகு ஒடியக் குனிகிறவர்கள், கார் ஷெட்டில் எட்டுப் பேராகப் படுக்கிறவர்கள், பெற்ற தாயை எல்லைக்கு அந்தப் பக்கம் புதைப்பதை போன் திரையில் பார்த்து அழுதவர்கள், எல்லாரும் பரம சந்தோஷமாக இருக்கிறார்கள். சந்தேகப்படுகிறவர்கள் கிளினிக்கின் காகிதங்களைப் பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பள்ளத்தாக்கிலேயே மனச்சோர்வு மிகக் குறைவாக உள்ள ஊர் என்று மாவட்டத்து அதிகாரிகள் மூன்று பேர் நேரில் வந்து, கேக் வெட்டி, கைதட்டிவிட்டுப் போனார்கள். வயல் பக்கம் ஒரு எட்டுப் போய்ப் பார்க்கலாம் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கேக் நன்றாக இருந்ததாகப் பேசிக்கொண்டார்கள்.

இந்த அற்புதத்தைச் செய்தவள் எர்லிண்டா பர்ரகான். ஐம்பத்தாறு வயது, குள்ளமான உருவம், தெருமுனையில் பேசினால் மாதா கோவில் வரை கேட்கும் குரல். கிளினிக்கில் அவள் நர்ஸும் இல்லை, எழுத்தரும் இல்லை. ஊர்க்காரர்களோடு ஊர்க்காரியாகப் பேசி, தடுப்பூசிக்கும் சர்க்கரைப் பரிசோதனைக்கும் ஆள் கூட்டி வருவதுதான் வேலை. அதற்கு ஒரு நீலச் சட்டை, கழுத்தில் போட்டோ ஒட்டிய அட்டை. அந்த அட்டையைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவாள் என்று ஊரில் பேச்சு.

கிளினிக்குக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் வருஷத்துக்கு ஒரு முறை ஒன்பது கேள்வி கேட்க வேண்டும் என்று ஒரு விதி. போன இரண்டு வாரத்தில் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்ததா, மனசு சோர்ந்து கிடந்ததா, தூக்கம் வந்ததா, பசித்ததா என்று போய், செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பதில் முடியும். ஒருநாளும் இல்லை என்றால் சைபர். சில நாள் என்றால் ஒன்று, பாதிக்கு மேல் என்றால் இரண்டு, தினமும் என்றால் மூன்று. ஆளைத் தனியாக உட்கார வைத்து, கதவைச் சாத்தி, நிதானமாகக் கேட்க வேண்டும் என்று அச்சடித்த தாளில் போட்டிருந்தது. எர்லிண்டா அதைப் படித்துச் சிரித்தாள்.

அவள் ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் மெஷின் கடைக்குப் போவாள். பூசை முடிந்து பாதி ஊர் அங்கேதான் இருக்கும். இருபது மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேல் குரலை ஏற்றி, "எவாஞ்செலினா, இந்த ரெண்டு வாரமா மனசு கினசு சரியில்லாம இருந்திச்சா உனக்கு?" என்று கேட்பாள். எவாஞ்செலினாவின் புருஷன் வேறொருத்தியோடு டெக்சாஸுக்குப் போய் ஆறு மாசம் ஆகிறது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். பதினாலு பேர் துணி மடிப்பதை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பார்கள். எவாஞ்செலினா கழுத்து வரை சிவந்து, கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருப்பதாகச் சொல்வாள். சைபர். மீதி எட்டையும் எர்லிண்டா கேட்பதே கிடையாது. முதல் சைபரிலிருந்து கடைசி வரைக்கும் பேனாவை ஒரே இழுப்பாக இழுத்துவிடுவாள். ஒரு மெஷின் துணியை அலசி முடிப்பதற்குள் ஆறு பேர் ஆகிவிடும்.

அவளைக் கேட்டால் இந்த மனச்சோர்வு என்பதே வேலையில்லாதவர்களின் வியாதி. வெள்ளைக்காரப் பெண்கள் நாய்க்கு ஸ்வெட்டர் பின்னி முடித்த பிறகு வருகிற நோய். "லெட்டூஸ் வரிசையில குனிஞ்சு நிக்கிறவளுக்கு மனசு எங்க இருக்குன்னு தெரியுமா? அவளுக்கு இடுப்பு எங்க இருக்குன்னுதான் தெரியும்" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிக்காதவர்களை அவள் கவனித்ததில்லை.

அதைவிட அவளுக்கு இளக்காரமானவள் மேலதிகாரி கிர்ஸ்டன். இருபத்தொன்பது வயது, நெட்டையான உடம்பு, கல்லூரியில் புத்தகம் வைத்துக் கற்ற ஸ்பானிஷ். 'தங்கள் உடல்நலம் எவ்வாறு உள்ளது' என்கிற ரகத்தில்தான் பேசுவாள். எர்லிண்டா அவளுக்கு வைத்திருந்த பெயர் கோழிக்குஞ்சு. மூன்று மாசத்துக்கு ஒரு தடவை கோழிக்குஞ்சு எல்லாரையும் உட்கார வைத்து, சுவரில் படம் காட்டி, ஆபத்துக் குறிகள் என்று பாடம் நடத்தும். எர்லிண்டா கடைசி வரிசையில் உட்கார்ந்து, பேப்பரிலிருந்து தள்ளுபடிக் கூப்பன்களை வெட்டிக்கொண்டிருப்பாள். மேலதிகாரிகள் மாறினாலும் பதினோரு வருஷமாக அதே படம், அதே பாடம், அதே கத்தரிக்கோல்.

எர்லிண்டா எல்லைக்கு அந்தப் பக்கம் மிச்சோவகான் மலைக் கிராமத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவள். வந்த முதல் வாரமே வயலில் ஒத்திலியாவோடு ஒரே வரிசையில் நின்றாள். ஒத்திலியா இரண்டு வயது மூத்தவள், மெலிந்தவள், கத்தி பிடித்தால் மெஷின் தோற்கும். இரண்டு பேரும் முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, கண்ணை மட்டும் விட்டு, நாள் முழுக்க மேஸ்திரியைப் பற்றிக் காது கூசுகிற ஜோக்கெல்லாம் அடிப்பார்கள். வாடி போடி என்று ஆரம்பித்தால் பத்து வரிசை தள்ளி நிற்கிற ஆம்பளைகள்கூட வெட்கப்படுவார்கள்.

எர்லிண்டாவுக்கு மகள் பிறந்து, ஒத்திலியா ஞானத்தாயாக நின்று குழந்தையை ஏந்த, ஞானஸ்நானம் நடந்த நாளோடு அதெல்லாம் முடிந்தது. அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் கொமாத்ரே. குழந்தையைப் பெற்றவளும் அதற்கு ஞானத்தாயானவளும் என்றால் கூடப் பிறந்தவளுக்கு மேல். சண்டை போடக்கூடாது, கைநீட்டிக் கேலி பேசக்கூடாது, வீட்டுக்குள் நடப்பதைத் துருவிக் கேட்கக்கூடாது. நேற்று வரை வாடி போடி என்றவர்கள் மறுநாள் வயலில் 'நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க கொமாத்ரே' என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அந்த ஊர் மரியாதை.

அந்த மரியாதைக்கு எர்லிண்டா ரொம்பக் கடன்பட்டவள். இரண்டாவது குழந்தை ஏழாம் மாசத்தில் வயிற்றிலேயே இறந்தபோது அவள் மூன்று மாசம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கிடந்தாள். ஒத்திலியா தினமும் வேலை முடிந்து, பூட்ஸில் அப்பிய சேற்றோடு வந்து, அவள் தலையை ஒரு தொட்டியில் வைத்துக் கழுவி, சேமியா சூப் வைத்து, ஆறும் வரை உட்கார்ந்துவிட்டுப் போவாள். ஒரு கேள்வி கேட்டதில்லை. நாலாவது மாசம் எர்லிண்டா எழுந்தாள். முதுகு பிடித்துக்கொண்டது என்று ஊருக்குச் சொன்னாள். இன்று வரை அதற்கு வேறு பெயர் சொன்னதில்லை, தன்னிடம்கூட. கொமாத்ரே ஒன்றும் கேட்காததால்தான் பிழைத்தோம் என்று மட்டும் மனசில் எழுதிக்கொண்டாள். தொண்ணூறு நாள் ஒருநாள் தவறாமல் வந்தாளே, அதை மறந்தாள். அரைகுறையாகக் கற்றுக்கொண்டவர்கள்தான் உலகத்துக்கே பாடம் எடுக்கிறார்கள்.

இப்போது ஒத்திலியாவுக்கு விரல்கள் முடிச்சு முடிச்சாகி, கத்தி பிடிக்க முடியாமல் நாலு வருஷம் ஆகிறது. சர்க்கரையும் உண்டு. ஒரே மகள் கல்யாணமாகிச் சிகாகோ போய்விட்டாள். புருஷன் ஃபெர்மின் நவம்பர் பிறந்தால் மற்ற ஆட்களோடு யூமாவுக்குக் குளிர்கால அறுவடைக்குப் போய் மார்ச்சில் திரும்புவான். போனில் கூப்பிட்டால் சாப்பிட்டியா, மழை பெய்ததா என்று இரண்டு கேள்வி கேட்டு வைத்துவிடுவான். அதற்கு மேல் மூன்றாவது கேள்வி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அந்த மரக்கட்டைக்கு யாரும் சொல்லவில்லை.

பூசையில் வேதாகமத்து நிருபம் வாசிக்கிறவள் ஒத்திலியாதான். அந்தக் குரலுக்காகவே கோவிலுக்கு வருகிறவர்கள் இருந்தார்கள். செப்டம்பரில் வாசிப்பதை நிறுத்தினாள். அக்டோபரில் கோவிலுக்கு வருவதையே நிறுத்தினாள். எர்லிண்டாவுக்கு அது கர்வமாகத் தெரிந்தது. மகள் சிகாகோவில் வீடு வாங்கியதும் இவளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று துவைக்கிற கடையில் நாலு பேரிடம் சொன்னாள்.

நவம்பரில் ஒத்திலியா சர்க்கரைக்குக் காட்ட கிளினிக்குக்கு வந்தாள். அவளுக்கும் வருஷத்துக்கான தாள் எழுத வேண்டியிருந்தது. முந்தின வருஷங்களில் ஆளைக் கூப்பிடாமலே எர்லிண்டா எழுதிவிட்டாள், இந்த வருஷம் கையெழுத்தும் வேண்டும் என்றிருந்தார்கள். கொமாத்ரேயைப் பொது இடத்தில் வைத்துக் கேட்க முடியாதே. எர்லிண்டா தன் வேலைக்காலத்தில் முதல் தடவையாகக் கதவைச் சாத்தி ஒருத்தியைத் தனியாக உட்கார வைத்தாள். உட்கார வைத்த பிறகு, வாயைத் திறக்க முடியவில்லை. எதிலும் பிடிப்பில்லையா என்று கொமாத்ரேயைக் கேட்பதா? சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், உங்கள் வீட்டில் சாப்பாடு இல்லையா என்று கேட்ட மாதிரி. மனசு சரியில்லையா என்று கேட்டால், உங்கள் புருஷன் சரியில்லையா என்று கேட்ட மாதிரி. கடைசிக் கேள்வியை நினைத்தாலே நாக்கு கூசியது. அதைக் கேட்பதற்குப் பதில் கொமாத்ரேயின் கன்னத்தில் அறைந்துவிடலாம்.

எனவே ஒன்றும் கேட்காமல், யூமாவில் குளிர் எப்படி என்று விசாரித்துக்கொண்டே, பேனாவை மேலிருந்து கீழே இழுத்தாள். ஒன்பது சைபர். கையெழுத்துப் போடத் தாளைத் திருப்பி நீட்டினாள்.

ஒத்திலியா வாசிக்கத் தெரிந்தவள். அவள் தாளைக் கையில் எடுத்து, மேலிருந்து வரிவரியாகப் படித்தாள். கடைசி வரிக்கு வந்து அங்கேயே வெகுநேரம் நின்றாள்.

"இதெல்லாம் கேக்கணுமோ கொமாத்ரே?"

"அது பைத்தியக்காரங்களுக்கு. நமக்கு எதுக்கு? போடுங்க கையெழுத்து."

ஒத்திலியா கையெழுத்துப் போட்டாள். முடிச்சு விழுந்த விரலில் பேனா நழுவியது, மறுபடி பிடித்துப் போட்டாள். மரியாதையைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் எர்லிண்டா அவளை வாசல் வரை கொண்டுபோய் விட்டாள்.

டிசம்பரில் குவாடலூப்பே மாதா திருநாளுக்கு முந்தின நாள் பெண்கள் எல்லாரும் கூடிச் சோள மாவு பிசைந்து, சோள மடலில் சுற்றித் தமாலே கட்டினார்கள். ஒத்திலியா வரவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் அவள் வராதது அதுவே முதல் தடவை. எர்லிண்டா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தனக்கும் போகத் தெரியாமல் இல்லை, கூப்பிடட்டும் போகிறேன் என்றாள். நாலு தெரு தள்ளித்தான் வீடு.

ஜனவரி முதல் வாரம் ஒத்திலியாவே வந்தாள். கையில் அவள் மாமியாரின் செம்புக் கொப்பரை. மலையிலிருந்து பஸ் பஸ்ஸாக மாறி எல்லை வரை மடியில் வைத்துக் கொண்டு வந்த சாமான், கல்யாணத்துக்குப் பன்றிக்கறி வறுக்க ஊரே இரவல் கேட்கும். இனி தனக்கு இவ்வளவு பெரிசு எதற்கு, கொமாத்ரே வைத்துக்கொள்ளட்டும் என்றாள். கொமாத்ரே கொடுப்பதை மறுப்பது மரியாதையில்லை. எர்லிண்டா வாங்கி, பளபளவென்று தேய்த்து, ஜன்னலில் தெரிகிற மாதிரி வைத்தாள். எத்தனை பேரைக் கூப்பிட்டுக் காட்டினாள் என்பதைச் சொன்னால் அவளுக்குத்தான் அசிங்கம்.

அடுத்த வாரம் கையால் பூப்போட்ட பீட விரிப்பு வந்தது. அதற்கடுத்த வாரம் ஒத்திலியா வெறுங்கையோடு வந்தாள். மார்ச்சில் ஃபெர்மின் வந்தால் பிரஷர் மாத்திரைச் சீட்டு மேல் டிராயரில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும், அவனுடைய நல்ல சட்டைகளை இஸ்திரி போட்டு வலது பக்கம் அடுக்கியிருக்கிறேன், அவன் தேட மாட்டான், சத்தம் போடுவான் என்றாள். பின்வாசல் சாவியைக் கொடுத்தாள். சிகாகோவுக்கா என்று எர்லிண்டா கேட்டதற்கு, தூரம்தான் என்றாள். மகள் கூப்பிட்டுவிட்டாளாக்கும் என்று எர்லிண்டாவுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாக இருந்தது. அவ்வளவுதான் தோன்றியது. மனித மனசைப் பற்றி ஊரெல்லாம் கேள்வி கேட்டுத் திரிகிறவளுக்கு அவ்வளவுதான் தோன்றியது.

மறுநாள் மத்தியானம் கிர்ஸ்டனின் பாடம். புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் அவள் ஸ்பானிஷைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவும், கிர்ஸ்டன் சிவந்துபோய், அனுபவசாலியான எர்லிண்டா அவர்கள் வாசிக்கட்டும் என்றாள். எர்லிண்டா கூப்பனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கோழிக்குஞ்சின் குரலிலேயே நீட்டி நீட்டி வாசிக்கத் தொடங்கினாள். எல்லாரும் சிரித்தார்கள். முதல் வரி, வழக்கமான காரியங்களிலிருந்து விலகுதல். இரண்டாவது, கோவில், கூட்டம், உறவு எதற்கும் வராதிருத்தல். மூன்றாவது, தனக்கு அருமையான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல்.

நாலாவது வரி, தான் இல்லாத காலத்துக்கு எது எங்கே இருக்கிறது என்று சொல்லி வைத்தல். அதை அவள் தன் சொந்தக் குரலில் வாசித்தாள். அப்புறம் வாசிக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இன்னும் ஏதோ வேடிக்கை வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். எர்லிண்டா மேஜை மேலிருந்து ஒரு ஒன்பது கேள்வித் தாளை உருவிக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் வெளியே நடந்தாள். நடை ஓட்டமானது.

பின்வாசலைத் தட்டாமல் சாவி போட்டுத் திறந்தாள். ஒத்திலியா சமையலறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தரை துடைத்துப் பளிச்சென்று இருந்தது. அடுப்பு மேல் ஒன்றும் இல்லை, பீன்ஸ் சட்டிகூட இல்லை. ஸ்பானிஷ் பேசுகிற வீட்டில் பீன்ஸ் சட்டி இல்லாத அடுப்பை எர்லிண்டா அன்றுதான் பார்த்தாள். ஒத்திலியாவுக்குக் கோபமில்லை, ஆச்சரியமுமில்லை. வாங்க கொமாத்ரே, உக்காருங்க என்று எழுந்து நாற்காலியைத் துடைத்தாள்.

எர்லிண்டா உட்கார்ந்தாள். ஊரே பயப்படுகிற அந்த வாயிலிருந்து வேறு பேச்சுத்தான் வந்தது. வெயில் அடிப்பதைப் பற்றிச் சொன்னாள். கிளினிக்கில் புதிதாக இரண்டு பெண்கள் சேர்ந்ததைச் சொன்னாள். கேட்டுவிடு, கேட்டுவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. கேட்டால் இருபத்தெட்டு வருஷத்து மரியாதை போகும், கேட்காவிட்டால் ஆளே போய்விடுவாள். இந்த எளிய கணக்கைப் போட அவளுக்குக் கால்மணி நேரம் ஆனது. கடைசியில் பையிலிருந்து தாளை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"இது நான் கேக்கல கொமாத்ரே. கிளினிக் கேக்குது. நான் வாசிக்கிறேன், அவ்வளவுதான்."

ஒத்திலியா தலையசைத்தாள்.

இவ்வளவு காலம் தான் கேலி செய்த காகிதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, எர்லிண்டா ஒவ்வொரு கேள்வியாக, ஒன்றையும் விடாமல் வாசித்தாள். எதிலும் பிடிப்பில்லையா? தினமும். தூக்கம்? இல்லை. பசி? நேற்று எப்போது சாப்பிட்டாள் என்று அவளுக்கு நினைவில்லை. தன்னைப் பற்றியே கேவலமாகத் தோன்றுகிறதா என்றபோது, கையாலாகாதவளுக்கு வேறென்ன தோன்றும் என்று விரல்களைக் காட்டினாள். எல்லாம் தினமும். எர்லிண்டாவின் பேனா மூன்று போடப் பழகாமல் திணறியது.

ஒன்பதாவதை வாசிக்கும்போது தாளைக் கீழே இறக்கினாள். முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நவம்பர்லயே கேப்பீங்கன்னு இருந்தேன்," என்றாள் ஒத்திலியா. "கதவெல்லாம் சாத்துனீங்களே. இன்னைக்குக் கேப்பாங்க, சொல்லிடலாம்னு மனசத் தேத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க யூமால குளிரான்னு கேட்டீங்க."

எர்லிண்டா தாளை மடித்தாள். கொமாத்ரேயின் கையைப் பிடித்துத் தூக்கி, செருப்பை எடுத்துக் காலடியில் வைத்து, வாங்க போகலாம் என்றாள். வழியெல்லாம் கையை விடவில்லை.

கிளினிக்கில் கிர்ஸ்டன் தன் அறையில் இருவரையும் உட்கார வைத்தாள். ஆள் மாறியது, அறை மாறியது, ஒத்திலியாவும் மாறினாள். முதுகை நிமிர்த்தி, கைப்பையை மடியில் வைத்து, கோவிலுக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்தாள். திருமதி ஒத்திலியா, தங்கள் மனநிலை தற்போது எவ்வாறு உள்ளது என்று கிர்ஸ்டன் கேட்டதும், கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருப்பதாகச் சொன்னாள். சாயங்காலம் ஆனால் கொஞ்சம் அலுப்பு, அவ்வளவுதான். வீட்டில் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னதைக் கேட்டுக் கொமாத்ரே பயந்துவிட்டார்கள், மிஸ் மன்னிக்க வேண்டும்.

கிர்ஸ்டன் கணினியில் பழைய தாளைத் திறந்தாள். நவம்பர். ஒன்பது சைபர், கீழே கையெழுத்து. அதற்கு முந்தின வருஷமும் சைபர், அதற்கும் முந்தினது சைபர். கிர்ஸ்டனின் தோள் தளர்ந்தது, முகத்தில் நிம்மதி வந்தது. இவ்வளவு ஆரோக்கியமான சரித்திரம் உள்ளவருக்கு இது தற்காலிகமான சோர்வாகத்தான் இருக்கும், கணவர் ஊரில் இல்லாததால் இருக்கலாம், மூன்று வாரத்தில் மனநல டாக்டர் திரையில் பேசுவார், தேதி எழுதித் தருகிறேன் என்றாள். ஒத்திலியா நன்றி சொல்லி எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

எர்லிண்டா அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"அந்தத் தாள் பொய்," என்றாள். "நான் போட்டது. ஒரு கேள்வி கேக்கல. மூணு வருஷத்துதும் நான்தான் போட்டேன்."

கிர்ஸ்டனுக்கு ஸ்பானிஷ் புரியவில்லையோ என்னவோ, மறுபடி சொல்லச் சொன்னாள். எர்லிண்டா மறுபடி சொன்னாள், மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வது போல. தன் வாயால் அதை இரண்டு தடவை சொல்வது அவளுக்கு வேண்டியதுதான்.

"மிஸ், கேட்டாங்க," என்றாள் ஒத்திலியா அவசரமாக. "கொமாத்ரே கேட்டாங்க. நான்தான் ஒண்ணுமில்லேன்னு சொன்னேன். என்மேல பாசத்துல இப்படிச் சொல்றாங்க."

எர்லிண்டா திரும்பி அவளைப் பார்த்தாள். எர்லிண்டாவின் வேலை போய்விடக்கூடாதே என்று இவள் பொய் சொல்கிறாள். இப்போது தடுக்காவிட்டால், தேதி எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு, வாசலில் நின்று நன்றி சொல்லி, நாலு தெரு நடந்து வீட்டுக்குப் போய், யார் பெயரையும் கெடுக்காமல், மரியாதையாகச் செத்துப்போவாள். எர்லிண்டாவுக்குத் தன்மேல் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. வாழ்க்கையில் யார்மேலும் இவ்வளவு அருவருப்பு அவளுக்கு வந்ததில்லை, வெள்ளைக்காரிகள்மேல்கூட.

"பொய் சொல்றாங்க, நம்பாதீங்க," என்றாள் கிர்ஸ்டனிடம். "வீட்ட முழுக்க ஒழிச்சு வச்சிட்டாங்க. சாவி என்கிட்ட இருக்கு. சாமானெல்லாம் என் வீட்டுல இருக்கு. மூணு வாரம்லாம் தாங்காது. இன்னைக்கே பாக்கணும்."

கிர்ஸ்டன் மெதுவாகக் கணினியிலிருந்து கையை எடுத்தாள். முகம் வெளுத்திருந்தது. இந்த மாதிரி வேறு எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

எர்லிண்டாவுக்குத் துணி துவைக்கும் கடையின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கழுத்து வரை சிவந்த எவாஞ்செலினா. கேட்டபோது பதில் சொல்லாமல் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டவன். சிரிக்காமல் நின்றவர்கள்.

"பதினோரு வருஷமா இங்க இருக்கேன்," என்றாள். "எல்லாம் நான் போட்டதுதான். ஒருத்தரையும் விடல."

கிர்ஸ்டன் போனை எடுத்து உள்ளே இருந்த டாக்டரை உடனே வரச் சொன்னாள். வைத்துவிட்டு நாற்காலியை மேஜையைச் சுற்றி இழுத்து, ஒத்திலியாவின் முழங்காலுக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். அந்தப் புத்தக ஸ்பானிஷிலேயே, ஒரு சொல் தவறாமல், கடைசிக் கேள்வியைக் கேட்டாள்.

ஒத்திலியா எர்லிண்டாவைப் பார்த்தாள். கோபம் வந்திருந்தது. இத்தனை வருஷத்தில் கொமாத்ரே மேல் வந்த முதல் கோபம்.

"உங்க வேலைய நீங்களே கெடுத்துக்கிட்டீங்களே. உங்களக் காப்பாத்தத்தானே நான் பொய் சொன்னேன்?"

"உங்கள யாரும் காப்பாத்தச் சொல்லல," என்றாள் எர்லிண்டா. "அவ கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க."

ஒத்திலியா கைப்பையைத் தோளிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

"தினமும்," என்றாள் கிர்ஸ்டனிடம். "நாலு மணிக்கு மேல ரொம்ப. நவம்பருக்கு முன்னாடியே."